அப்பா தப்பாக வாசித்த மூன்று ஞாயிறுகள்

எனக்குப் பணி ஓய்வு விழா நடத்தினீர்கள் அல்லவா, அன்றைக்கு உங்களில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எழுந்து, வைத்தியமும் பார்த்து வயலினையும் விடாமல் இரண்டையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். எல்லாம் ஆண்டவர் கிருபை என்று மழுப்பிவிட்டு கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பொய் சொல்லியிருக்கக் கூடாது.

நிஜமான பதில், நான் சமாளிக்கவில்லை என்பதுதான். வைத்தியமும் சங்கீதமும் இரண்டு கையிலும் இருந்தும் ஒரு முறை பேய் முழி முழித்தேன். அதில் போக இருந்தது என் அப்பாவின் உயிர். அதை உங்களுக்கு எழுதி வைத்துவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, உங்கள் ஓ.பி.யில் உட்காரும்போது ஞாபகம் வந்தால் போதும்.

நாங்கள் சிலோன்காரர்கள். அப்படித்தான் ஊரில் சொல்வார்கள். அப்பாவின் பாட்டனார் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவர். மூன்று தலைமுறை கழித்து, உங்கள் நாடு அதுதான், போங்கள் என்று எங்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. சேலத்துக்கு வெளியே ஒரு நூல் மில்லில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. சொந்த ஊருக்குத்தான் வந்தோம், ஆனால் அங்கே எங்களுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. எங்கள் பேச்சைக் கேட்டாலே பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள்.

எனக்குக் காது நல்ல காது. மூன்றே மாதத்தில் ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏனுங்க, வாரேனுங்க, ஊட்டுக்குப் போறேனுங்க என்று நான் பேசினால் பரமத்தி வேலூரில் பிறந்தவள் என்று சத்தியம் செய்வார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அப்பாவை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள், இங்கே வந்து நீங்க, வாங்க, போங்க என்று மாறிவிட்டேன். மரியாதை கூடியது, கூடவே கொஞ்சம் தூரமும் கூடியது. அப்பா மட்டும் கடைசிவரை மாறவே இல்லை, என்னைப் புள்ள என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் காதை எனக்குக் கொடுத்தவரே அவர்தான். தோட்டத்து மாதா கோவிலில் ஒரு சாமியார் அவருக்கு வயலின் சொல்லிக்கொடுத்திருந்தார். நாங்கள் கப்பலேறியபோது அம்மா பாத்திரத்தைக் கட்டினார், அப்பா வயலினைக் கட்டினார். அதை வைத்து இரண்டு பேருக்கும் நடந்த சண்டை மண்டபம் முகாம் வரை ஓயவில்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா பஞ்சுத் தூசியைக் கழுவிவிட்டு வயலினை எடுப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாவரவியல் மனப்பாடம் செய்வேன். பாதியில் அவர் நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவேன், அப்படிப் பழகிப்போயிற்று. எனக்கும் அவரேதான் சொல்லிக்கொடுத்தார். மருத்துவக் கல்லூரியில் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆளெடுப்பார்கள், அதற்குப் பெரட்டு என்று பெயர். அங்கே வந்து நின்றால்தான் அன்றைய வேலைக் கணக்கில் பெயர் விழும். முழு நாள் வேலை என்றால் முழுப் பேர், பாதி என்றால் அரைப் பேர். உடம்பு சரியில்லை என்று நின்றால் பெயர் கிடையாது, வேலைக்கள்ளன் என்ற பட்டமும் கிடைக்கும். அதனால் எங்கள் லயத்தில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போனதே இல்லை. போனாலும் சொன்னதில்லை. மில்லுக்கு வந்த பிறகும் அப்பா அப்படித்தான். சிலோன்காரன் வேலைக்கு ஆகமாட்டான் என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாது என்று, நெருப்பாகக் கொதிக்கும் காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போவார். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் உடம்பு சரியில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருடத்துக்கு முந்திய கதை. நான் நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு எருமப்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அம்மா இறந்துவிட்டார், அப்பா என்னோடு இருந்தார், வயது எழுபத்து நான்கு. எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. அப்பாதான் முதல் வயலின், அவரிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் இரண்டாம் வயலின். பங்குத் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஞாயிறும் காலைப் பூசை முடிந்ததும் ஒத்திகை நடக்கும்.

முதல் ஞாயிறு, காணிக்கைப் பாட்டு நடுவில் அப்பா எழுதியிருந்ததை விட்டுவிட்டு வேறு ஏதோ வாசித்தார். இரண்டு ஸ்வரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றை நீட்டிவிட்டார். கேட்க அசிங்கமாக இல்லை, ஆனால் அது பாட்டில் இல்லை. நான் நிறுத்தி, எழுதினதை வாசிங்கப்பா என்றேன். சரி புள்ள என்றார். அடுத்த பாட்டு சுத்தமாக வந்தது.

இரண்டாம் ஞாயிறும் இதேதான். இந்த முறை தொடக்கத்திலேயே ஆரம்பித்து, கால் மணி நேரம் கழித்துச் சரியாகிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. வயதானால் சில வித்வான்களுக்குச் சொந்தச் சரக்கைச் சேர்க்கும் ஆசை வரும், அப்பாவுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் சாதகமும் குறைந்திருந்தது. சோம்பல் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தேன். வாரம் முழுக்க ஊர் ஜனங்களைப் பார்த்து, நடையை வைத்தே நோய் சொல்கிறவள் என்று பேர் வாங்கியவள் நான். அப்பா வயலினை எடுத்தால் மட்டும் எனக்குள் இருந்த டாக்டர் எழுந்து வெளியே போய்விடுவாள். காது மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் ஞாயிறு, திருவிழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மறுபடியும் நடுவில் சறுக்கினார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இருபது பேர் முன்னால், இஷ்டத்துக்கு வாசிக்கிறதுன்னா வீட்லயே வாசிங்க, இந்தத் திருவிழாவுக்கு நீங்க வேண்டாம், உங்க சிஷ்யப் பெண் முதல் வயலின் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

அப்பா, சரி புள்ள, ஒன் இஷ்டம் என்றார். அந்தப் பெண்ணின் வயலினை வாங்கிச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். தன்னுடையதைப் பெட்டியில் வைத்து மூடி, எங்கள் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஒத்திகை முடிந்து நான் வண்டியை எடுக்கும்போது சூசை வந்து பக்கத்தில் நின்றார். எங்கள் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார், எஞ்சின் வேலையும் பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குத் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே, கோவிச்சுக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். போன வாரம் டீ குடிக்கும்போது அப்பாவின் இடது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்ததாம். அவரே குனிந்து துடைத்துவிட்டு, டாக்டரம்மாகிட்டச் சொல்லிடாதீங்க என்றாராம். அதற்கு முந்திய வாரமும் அப்படித்தானாம்.

வயசாச்சு, கை நடுங்கும், அதுக்காகப் பாட்டை மாத்தி வாசிக்கலாமா என்று நான் விடாமல் பேசினேன். சூசை பொறுமையாகக் கேட்டுவிட்டு அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார்:

"ஏனுங்க டாக்டரம்மா, ஒரு வண்டி எப்பவுமே இழுக்கலைன்னா எஞ்சின் தேஞ்சு போச்சுன்னு வெச்சுக்கலாமுங்க. ஒரு நேரம் நல்லா இழுக்குது, ஒரு நேரம் சுத்தமா நிக்குது, மறுபடி தானா இழுக்குதுன்னா, டீசல் வார லைன்ல அடைப்புங்க. அதுக்குப் போயி டிரைவரத் திட்டி என்னங்க ஆவப் போவுது?"

மூன்று ஞாயிறையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சாதகம் இல்லாதவன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மோசமாக வாசிப்பான். கால் மணி நேரம் விரல் வேலை செய்யாமல் போய், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் சரியாகிறது என்றால் அது சோம்பல் இல்லை. மூளைக்குப் போகும் ரத்தம் விட்டு விட்டு நிற்கிறது. பெரிய அடைப்பு வருவதற்கு முன்னால் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அது. எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் படிக்கிறவரைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார். அப்பா பாட்டை மாற்றவே இல்லை. இரண்டு விரல் மரத்துப்போன நேரத்தில், மிச்சமிருந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டு பாட்டு அறுந்துவிடாமல் காப்பாற்றியிருக்கிறார். அதைத்தான் நான் திமிர் என்று நினைத்தேன்.

சூசையையும் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அப்பா சமையலறையில் உட்கார்ந்து எனக்காக அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். இருபத்தைந்து வருட வைத்தியத்தில் அன்றைக்குத்தான் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறேன். தாளம் என்பதே இல்லாமல் தாறுமாறாக ஓடியது. இதயத்தில் ரத்தம் கட்டி, துணுக்குத் துணுக்காக மேலே போகிறது என்று புரிந்துவிட்டது. எத்தனை தடவை இப்படி ஆச்சு, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்று சிரித்தார். டாக்டராகக் கேட்டேன், மகளாகக் கேட்டேன், அதட்டியும் பார்த்தேன். ஒன்றுமில்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

யோசித்து எல்லாம் செய்யவில்லை, வாயில் தானாக வந்தது லயத்துப் பேச்சு. நாற்பது வருடமாக நான் பேசாத பேச்சு.

"அப்பா, இது பெரட்டு இல்ல. ஒன் பேர யாரும் வெட்ட மாட்டாங்க. ஒனக்கு இன்னைக்கு முழுப் பேர் உண்டு. நீ சொல்லுப்பா."

அப்பா என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். ஆறு வாரமாக இருக்கிறது, அஞ்சு தடவை வந்துவிட்டது, கடைசி ரெண்டு விரலும் செத்த மாதிரி ஆகிவிடும், ஒரு தடவை நாக்கும் குழறியது. சொன்னால் நீ ஆஸ்பத்திரிக்கு லீவு போடவேண்டி வரும், திருவிழா வேறு கிட்டே வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு குழைந்தது. வாய் இடது பக்கம் தொங்கியது. இடது கை மடியிலிருந்து சரிந்து விழுந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு இருபது. கை தானாக மருந்துப் பெட்டிக்குப் போய் ரத்தத்தை இளக்கும் மாத்திரையை எடுத்துவிட்டது. எடுத்த கையோடு திரும்பவும் வைத்துவிட்டேன். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் கொடுத்தால் கொன்றாலும் கொன்றுவிடும். பக்கத்தில் இருக்கிறதே என்று சின்ன ஆஸ்பத்திரியில் இறங்கியிருந்தால் அரை மணி நேரம் போயிருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதனால் நேராகச் சேலத்துக்கு விடச் சொன்னேன். சூசை ஓட்டினார். நான் பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நமக்கு நேரமிருக்கிறது, நமக்கு நேரமிருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சேலத்தில் கேசுவால்டியில் உங்கள் வயதில் ஒரு தம்பி இருந்தான். நல்ல பையன், நிதானமானவன். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. அதற்குள் அப்பாவின் வாயும் பாதி நேராகியிருந்தது. தாத்தா, இப்ப எப்படி இருக்கு என்று கேட்டான். அப்பா வலது கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்து, நல்லா இருக்கேங்க தொர, ஒன்னுமில்ல என்றார். கையைத் தூக்கச் சொன்னான், இடது கையையும் ஏறத்தாழத் தூக்கிவிட்டார். குறைந்துகொண்டு வருகிறது மேடம், கட்டியைக் கரைக்கும் ஊசியில் ஆபத்தும் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றான். அவன் சொன்னது தப்பில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அப்பா கொடுத்த பதிலை அவன் நம்பினான், அவ்வளவுதான்.

நான் கூச்சல் போடவில்லை. கூச்சல் போட்டிருந்தால் சொந்தக்காரர் என்று ஓரமாக உட்கார வைத்திருப்பான். அப்பாவின் இடது கையை எடுத்து, வயலின் கழுத்துக்குப் பதிலாக என் முன்கையைப் பிடிக்கக் கொடுத்தேன். காணிக்கைப் பாட்டை மெதுவாகப் பாடினேன். அந்தக் கேசுவால்டியில், ஒரு பக்கம் எலும்பு முறிந்தவர், ஒரு பக்கம் பாம்பு கடித்தவர், நடுவில் நான் பாடினேன். அப்பாவுக்கு அது போதும். என் கை மேல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஆள்காட்டி விரல் அழுத்தியது, நடுவிரல் அழுத்தியது. மோதிர விரலும் சுண்டு விரலும் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. அவை பிணம் மாதிரி என் தோல் மேல் கிடந்தன.

அந்தத் தம்பி குனிந்து பார்த்தான். மறுபடி பாடச் சொன்னான். மூன்றாம் தடவை நடுவிரலும் தளர்ந்துவிட்டது. குறையவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. உடனே பெரிய டாக்டரைப் போனில் பிடித்தான். ஊசி போடும்போது மணி இரண்டு பத்து.

முப்பது வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தேன். அந்தத் தம்பியைப் போல் தன் முடிவை ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளத் துணிந்தவர்களை அதிகம் பார்த்ததில்லை. நீங்களும் அவனைப் போல் இருங்கள், என்னைப் போல் இருக்கவேண்டாம்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் ஓ.பி.க்குக் கோழிப்பண்ணையிலிருந்தும் விசைத்தறிக் கூடத்திலிருந்தும் வடக்கத்திக் குடும்பங்கள் வருகின்றன. எப்படி இருக்கு என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். நேற்று எந்த வேலையை விட்டீர்கள், எதை இடது கைக்குப் பதில் வலது கையால் செய்தீர்கள், சோறு எப்போது மிச்சம் வைத்தீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அப்பா பிழைத்தார். மோதிர விரல் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, சுண்டு விரல் பழையபடி வரவே இல்லை. திருவிழாவுக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பூசை முடிந்ததும் அந்த இருபது பேரையும் நிற்க வைத்து, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் திட்டியவள் தனியாக மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் சேராது. அப்பாவுக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னா புள்ள இதெல்லாம் என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினார். சூசை மட்டும் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை காலை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். போனால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். என்னை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"புள்ள, எனக்கு இன்னைக்கு ஒடம்புக்கு முடியல."

நாடி பார்த்தேன், கை விரல்களைப் பார்த்தேன், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன். வெறும் சளி. உங்களிடம் வந்தால் ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவீர்கள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன்.